முன்பிடி

உலையின் வாய் சாய்ந்தது. உருகிய இரும்பு, நண்பகல் வெயிலைக் காய்ச்சி வடித்தாற்போல் வெளுத்து ஒழுகிக் கரண்டியில் நிறைந்தது. கரண்டி என்பது பட்டறைப் பேச்சு. நீண்ட இரும்புத் தண்டின் நடுவே பொருத்திய, களிமண் பூசிய வாளி அது. தண்டின் ஒரு முனையைச் செங்கோடன் பற்றியிருந்தான். கவட்டைபோல் பிரிந்த மறுமுனை தம்பிதுரையின் இரு கைகளிலும் இருந்தது.

"தூக்கு" என்றான் தம்பிதுரை.

இருவரும் ஒரே கணத்தில் எழுந்தார்கள். கொட்டகையின் நெடுகிலும் மணல் அச்சுப் பெட்டிகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு தண்ணீர்ப் பம்பின் வடிவம் வெறுமையாய்க் காத்திருந்தது. பெட்டியின் மேலிருந்த துளைக்கு நேரே தம்பிதுரை கவட்டையைத் திருப்பினான். இரும்பு விரல் பருமனில் இழையாக இறங்கியது. இழை அறுந்தால் உள்ளே மடிப்பு விழும்; தடித்தால் மணல் கரையும். எவ்வளவு சாய்ப்பது, எப்போது நிமிர்த்துவது என்பதை முன்பிடிப்பவன்தான் அறிவான். பின்பிடிப்பவனுக்குச் சுமை மட்டுமே. பெரியநாயக்கன்பாளையத்தின் அந்தப் பட்டறையில் முன்பிடி நெடுங்காலமாகத் தம்பிதுரையுடையது. அதற்கென்று கூடுதலாக வந்த கூலியில்தான் மகள் ரித்திகா நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பெட்டியின் துளையில் இரும்பு தளும்பிச் சிவந்து நின்றதும் கரண்டியை இறக்கினார்கள். சட்டையைப் பிழிந்தால் ஒரு குவளை நீர் தேறும். கொட்டகையின் வாசலில் மோர்ப் பானை வந்திருந்தது. அதன் பின்னால், சாக்குத் துணியின் கீழ், ஆளுக்கொரு கால் புட்டி மதுவும் வந்திருந்தது. இரும்பு வார்க்கும் ஊத்து நாளில் அது முதலாளி வீட்டு வழக்கம். அவருடைய தந்தையார் காலத்திலிருந்தே, இரும்பின் சூட்டைத் தணிப்பதற்கென்று சொல்லிக் கொடுத்து வருவது.

தம்பிதுரை தன் புட்டியை எடுத்துச் செங்கோடனின் மடியில் வைத்தான்.

"இன்னுமா உனக்கு வயித்துப் புண்ணு ஆறலை?" என்றான் செங்கோடன். "ஆறாமயே இருக்கட்டும் சாமி. உன்ற வயித்துல என்ற பொழப்பு ஓடுது."

தம்பிதுரை சிரித்துக்கொண்டே இரண்டு குவளை மோர் குடித்தான். வயிற்றில் புண் எதுவும் இல்லை. அவன் குடியை விட்டு ஓராண்டு நிறையப் போகிறது என்பதைப் பட்டறையில் ஒருவரும் அறியார். அங்கே எல்லாரும் குடிப்பவர்கள். ஆகையால் குடிகாரன் என்று தனியே ஒருவன் அங்கே இருந்ததில்லை.

குடிகாரன் என்ற பெயர் அவனுக்கு உறவில் மட்டும் இருந்தது. அதைத் துடைக்க அவன் பலமுறை கோயிலில் கயிறு கட்டிக்கொண்டான். கயிறு மணிக்கட்டில் இருக்கும்வரை மதுக்கடை இருக்கும் தெருவில்கூட நடக்கமாட்டான். பூசாரி குறித்த கெடு முடிந்த காலையில் குளித்துத் திருநீறணிந்து, அம்மன் முன்னால் கயிற்றை முறையாக அவிழ்த்து உண்டியலில் சேர்த்துவிட்டு, நேரே கடைக்குப் போய்க் கதவு திறக்கும்வரை காத்து நிற்பான். வாக்கை அவன் ஒருபோதும் மீறியதில்லை. அதுதான் மனைவி பொற்கொடிக்கு ஆற்றாமையாக இருந்தது.

மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் நிறுவனம் ஒன்றில் பொற்கொடி வேலை செய்தாள். அடுத்த இருக்கையில் மிஸ்பா என்ற இளம்பெண். ஓராண்டுக்கு முன் ஒரு நாள் செப்புக் கம்பியைச் சுருளில் இறுக்கிக்கொண்டே மிஸ்பா சொன்னாள்:

"எங்கத்தாவும் மாமா மாதிரிதாங்க்கா. இப்ப இல்ல. ஒரு கூட்டத்துக்குப் போறாரு. நம்ம மெயின் ரோட்டுக்குப் பின்னாடி, சின்னப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல."

"அங்க போயி என்ன பண்ணுவாரு?"

"உக்காந்துட்டு வருவாரு."

"உக்காந்தா நின்னுருமா கண்ணு?"

"ஊட்டுல படுத்தே கெடந்தாரு, அதுக்கு இது தேவலைங்க்கா."

அந்த வியாழக்கிழமை மாலை கணவனை அழைத்துக்கொண்டு போய்ப் பள்ளியின் வாசலில் விட்டுவிட்டு, எதிரிலிருந்த பூக்கடை ஓரம் பொற்கொடி நின்றுகொண்டாள். அவன் திரும்பி ஓடினால் மறிப்பதற்காக.

உள்ளே சுவரெங்கும் அணில், ஆடு, இலை. குழந்தைகளின் பெஞ்சுகளில் முழங்கால் மோவாயைத் தொட வளர்ந்த ஆண்கள் அமர்ந்திருந்தார்கள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் எழுந்து வந்து தேநீர்க் குவளையைக் கையில் கொடுத்தார். டயர்களுக்கு மறு ரப்பர் ஒட்டும் தொழில் செய்யும் அங்கப்பன் அவர். அது பின்னாளில் தெரிந்தது.

"என்ற பேரு தம்பிதுரைங்க" என்று அவன் எழுந்து கும்பிட்டான். "சொந்த ஊரு காரமடைக்குப் பக்கமுங்க. எங்கப்பாரு..."

"பேரு போதுமுங்க. ஊரு, அப்பாரு, வேலை செய்யற எடம் எல்லாத்தையும் செருப்போட வாசல்லயே உட்டுரலாம்."

"அதெப்படிங்க, ஆரு எவுருன்னு தெரியாம என்னத்தப் பேசறது?"

"பேசித்தான் பாருங்களேன்."

எந்த ஊர், யார் வீடு என்று கேளாமல் ஒருவர் தனக்குத் தேநீர் கொடுத்தது தம்பிதுரைக்கு அதுவே முதல்முறை. அவமதிப்பா, கருணையா என்று விளங்காமல் விழித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார்கள். ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் ஒரே குரலில் வணக்கம் கூறினார்கள். பதிகம் ஓதும் இடத்தில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடுவதுபோல் அது நடந்தது. அவன் முறை வந்தபோது எழுந்து நின்றான், சொல் வரவில்லை. அமர்ந்துவிட்டான். அதற்கும் வணக்கம் கூறினார்கள்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் பொற்கொடி வெளியே.

"இன்னிக்கு ஒரு நாளைக்குக் குடிக்காம இருந்தாப் போதுமாம்."

"நாளைக்கு?"

"அத நாளைக்குக் கேக்கோணுமாம்."

கெடு வைத்த கயிற்றுக்கு இது நேர் எதிராக இருந்தது. முடியும் நாள் என்று ஒன்று இல்லாததால், அவிழ்த்துவிட்டு ஓடவும் வழியில்லாமல் போயிற்று. வியாழனும் ஞாயிறும் அவன் அந்தச் சின்னஞ்சிறு பெஞ்சில் போய் உட்கார்ந்தான். மழைக்காலம் போயிற்று, மார்கழி போயிற்று, தைப்பூசத்துக்கு மருதமலை ஏறி, கால் நடுங்காமல் இறங்கினான்.

ஆண்டு நிறையும் தறுவாயில் அங்கப்பன் அவனை அழைத்தார்.

"வார ஞாயித்துக்கெழமை உங்களுக்குப் பொறந்தநாளுங்க. கேக்கு வெட்டிப் பதக்கம் குடுப்போம். ஊட்டுல இருந்து கூட்டிட்டு வரலாம்."

அன்றிரவு உணவின்போது பொற்கொடி, "விசேஷமுன்னு ஆகிப்போச்சு. சொல்லாம கொள்ளாம செஞ்சா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

அவளுக்கு அது வெறும் பேச்சன்று. கணவன் குடித்த நாளில் காதுகுத்து, சீர், கிரகப்பிரவேசம் என எதற்கும் அவர்களை அழைப்பார் இல்லாமல் போயினர். அழைத்தாலும் போகிற போக்கில் ஒரு வார்த்தை. வீட்டுக்குள் வந்து தட்டு நீட்டி அழைப்பது நின்று ஆண்டுகள் பல. இப்போது அவள் பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் துலக்கி, வெற்றிலை, பாக்கு, குங்குமம், பூ வைத்தாள். இருவருமாகப் போய் அவள் அண்ணன் வீட்டில் சொன்னார்கள். மிஸ்பா வீட்டில் சொன்னார்கள். பக்கத்து வாசல்களில் சொன்னார்கள். எஞ்சியது ஒரு வீடு.

அங்கப்பன் கேள்விப்பட்டுத் தடுத்தார். "சொந்தம் ஒறம்பரைக்குச் சொல்லுங்க, வேண்டாங்கலை. மொதலாளிக்கு எதுக்குங்க? பேரு வெளிய போகாம இருக்கறதுதான் நம்முளுக்கு வேலி."

"சோறு போடற மனுசருங்க. ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு அவரை உட்டா மரியாதையா இருக்குமுங்களா? நாளைக்கு இன்னொருத்தர் வாயில கேட்டார்னா என்னை என்ன நெனைப்பாரு?"

"நல்லதத்தான் நெனைப்பாருன்னு சொல்றீங்க."

"நல்ல காரியந்தானுங்களே."

அங்கப்பன் மீசையை நீவிக்கொண்டார்.

முதலாளி அழகிரிசாமியின் வீட்டுக் கூடத்தில் அவர் மனைவி ராமாமணி முதலில் தண்ணீர் கொடுத்தார். பொற்கொடி குங்குமத்தை நீட்ட, அவர் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். அழகிரிசாமி நாளிதழை மடித்து வைத்தார்.

"என்னப்பா தம்பிதுரை, தட்டோட வந்துட்டே. பொண்ணுக்குச் சம்பந்தம் அமைஞ்சிருச்சா?"

"அதுக்கு இன்னும் நாள் இருக்குதுங்க. இது என்ற விசேசமுங்க. நான் குடிய உட்டு ஒரு வருசம் நெறையுதுங்க. பள்ளிக்கூடத்துல கூட்டம் வெச்சுப் பதக்கம் குடுக்கறாங்க. மொதலாளியும் அம்மாவும் வந்து ஆசீர்வாதம் பண்ணோணுமுங்க."

அழகிரிசாமி மனைவியைப் பார்த்தார். பிறகு தம்பிதுரையைப் புதிதாகப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

"கூட்டமுன்னா, அந்த, குடிகாரங்களுக்கு நடத்தறாங்களே, அதா?"

"ஆமாங்க."

"நீ அதுக்குப் போற அளவுக்கா இருந்தே?"

"இருந்தேனுங்க. நானொரு குடிநோயாளிங்க" என்றான் தம்பிதுரை. அந்தச் சொல்லைக் கூறும்போது அவன் குரல் தாழவில்லை. ஓராண்டாக வாரம் இருமுறை சொல்லிப் பழகியதை இன்னுமோர் இடத்தில் சொன்னான், அவ்வளவே.

"சரி சரி. நல்ல விசயம்" என்று அழகிரிசாமி வெற்றிலையை எடுத்துக்கொண்டார். "எனக்கு அன்னைக்குச் சூலூருல ஒரு கல்யாணம் இருக்குது. பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. ஓட்டுநர் வசம் ஆப்பிளும் சாத்துக்குடியும் நிறைந்த கூடை ஒன்று வந்தது. பொற்கொடி அதை எல்லாரும் பார்க்கும்படி மேசைமீது கேக்கின் பக்கத்தில் வைத்தாள். அவள் அண்ணன் வந்திருந்தான். விடுதியிலிருந்து ரித்திகா வந்திருந்தாள். மிஸ்பாவின் தந்தையார், பெஞ்சில் உட்கார முடியாமல் சுவரோரம் நின்று முதல் கைதட்டைத் தொடங்கினார். பதக்கம் வாங்கும்போது தம்பிதுரை என்னவோ பேசினான். பாதிக்குமேல் யாருக்கும் கேட்கவில்லை. பொற்கொடியின் அண்ணன் மட்டும் வாசலில் செருப்பு மாட்டும்போது, "வைகாசியில சின்னவனுக்குக் காதுகுத்து வெச்சிருக்கறேன். ஊட்டுக்கு வந்து முறையாச் சொல்றேன் மாப்ளை" என்றான். வீடு வரும்வரை பொற்கொடி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை பட்டறைக்குள் நுழைந்ததும் அவனை அலுவலக அறைக்கு வரச் சொன்னார்கள். சென்றான். அழகிரிசாமி கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"இன்னைல இருந்து நீ பினிஷிங்ல இரு. காஸ்டிங் பிசிறு தட்டற எடத்துல."

"ஊத்துக்குங்க?"

"செங்கோடன் முன்பிடிப்பான்."

தம்பிதுரைக்குச் சற்று நேரம் பிடிபடவில்லை. "பெட்டி ஏதாச்சும் கெட்டுப்போச்சுங்களா மொதலாளி? மடிப்பு விழுந்துச்சுங்களா?"

"வேலைல ஒரு கொறையும் சொல்லலையே நான். அடுத்த மாசம் பம்பு கம்பெனிக்காரங்க பாதுகாப்பு ஆடிட்டுக்கு வாராங்க. குடிகாரன் ஒருத்தனைக் கொதிக்கற இரும்புகிட்ட நிக்க வெச்சிருக்கறேன்னு அவுங்களுக்குத் தெரிஞ்சா என்ற ஆர்டரு போயிரும். நெருப்பு சமாச்சாரம் பாரு."

"நான் தொட்டே வருசமாச்சுங்களே. அதுக்குத்தானுங்களே உங்கள வந்து கூப்பிட்டேன்."

"சந்தோசம். ஆனா நீயே சொன்னியே, நோயின்னு. நோயி எப்பத் திரும்புமுன்னு ஆருக்குத் தெரியும்?"

"மொதலாளி, தப்பா நெனைக்கக்கூடாதுங்க. செங்கோடன், மத்த பசங்க, எல்லாரும் நேத்துப் பொழுதோடகூடக் குடிச்சவங்கதானுங்க. ஊத்து அன்னைக்கு நம்ம பானைக்குப் பின்னாலயே இருக்குதுங்களே."

அழகிரிசாமி அப்போதுதான் நிமிர்ந்தார். கோபம் இல்லை, பொறுமையாகவே விளக்கினார்.

"அவுங்க குடிக்கறாங்கப்பா. அவுங்க குடிகாரங்க இல்லியே."

பினிஷிங் பகுதியில் வார்ப்புகளின் பிசிறை உளியால் தட்டி, சாணைச் சக்கரத்தில் தேய்க்கவேண்டும். முன்பிடியின் கூலி அங்கே கிடையாது. இரும்புத் தூசு மூக்கிலும் பல்லிலும் படிந்தது. தம்பிதுரை அந்த வேலையையும் ஒழுங்காகவே செய்தான். அடுத்த ஊத்து நாளில், கொட்டகையின் மறுபக்கத்தில் சக்கரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான். செங்கோடன் கவட்டையைத் திருப்பினான். இழை தடித்தது, ஒரு கணம் அறுந்தது, மறுபடி விழுந்தது. மணலில் சிதறிய துளி ஒன்று பின்பிடித்தவனின் காலடியில் வெடித்தது. தம்பிதுரையின் மணிக்கட்டு தானாகவே திரும்பி நின்றது.

மாலையில் செங்கோடனே வந்தான். கையில் ஒரு புட்டி.

"பினிஷிங்குக்கு இது கெடையாது. என்றத எடுத்துட்டு வந்தேன். ஒரு வருசமா உன்றத நான் குடிச்சிருக்கறேன் பாரு."

"வேண்டாம் செங்கோடா."

"நான் கேட்டு வாங்கலை, ஆமா. முன்பிடி வேண்டாமுன்னு சொல்ல எனக்கும் முடியலை. ஊட்டுல நெலமை அப்படி."

"உன்னை ஒண்ணும் சொல்லலையே நான். இழைய அறுக்காத, அவ்வளவுதான். சாய்க்கறப்ப முழங்கைய ஒடம்போட ஒட்டி வெச்சுக்க."

செங்கோடன் புட்டியைச் சாணைக் கல்லின்மேல் வைத்தான். "இனி எதுக்கு வாயக் கட்டிட்டு இருக்கறே? குடிகாரன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. குடிக்காம குடிகாரன்னு பேரு வாங்கறதுக்குக் குடிச்சுப்போட்டாவது வாங்கலாம்."

அதில் நியாயம் இருந்தது. தம்பிதுரை புட்டியைப் பார்த்தான். கைக்கு எட்டும் தொலைவில், மூடி பிரிக்காமல், மாலை வெயிலில் தேன்நிறமாக அது நின்றது. நாக்கின் அடியில் நீர் ஊறியது. எத்தனை ஆண்டு போனாலும் அந்த ஊற்று வற்றாது என்று அங்கப்பன் சொல்லியிருக்கிறார். வந்தால் உடனே இடத்தைவிட்டு எழுந்துவிட வேண்டும், அதோடு வழக்காட உட்காரக்கூடாது என்பார். தம்பிதுரை எழுந்தான். முகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினான்.

"இன்னைக்கு வியாழக்கெழமை" என்று கூறிச் சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தான்.

கூட்டத்தில் அவன் நடந்ததைச் சொன்னான். அங்கப்பன், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்ற வார்த்தையைக் கடைசிவரை சொல்லவில்லை. தேநீரை மட்டும் இரண்டாம் முறை நிரப்பிக் கொடுத்தார். "அழைச்சது தப்பாப் போச்சுங்களா?" என்று தம்பிதுரையே கேட்டான்.

"உங்களுக்கு எப்படித் தோணுதுங்க?"

அவன் யோசித்தான். மைத்துனன் வாசலில் நின்று சொன்ன சொல், மேசைமேல் இருந்த பழக்கூடை, ரித்திகா அவன் சட்டையில் குத்திவிட்ட பதக்கம். "தப்பு என்ற பக்கம் இல்லீங்க" என்றான்.

வீட்டில் பொற்கொடிக்கு மனம் ஆறவில்லை. "ஆனைமலைக்குப் போயி மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசிட்டு வந்தர்றேன். அவ கேக்கட்டும்."

"அம்மங்கிட்ட என்னன்னு சொல்லுவே? பழக்கூடை குடுத்து உட்டவரை எரிச்சுப் போடுன்னா?"

"சிரிக்காதீங்க. புள்ளைக்கு அடுத்த பருவத்துக்குப் பீசு கட்டோணும்."

"கட்டலாம். ஞாயித்துக்கெழமை லோடு எறக்கற வேலை இருக்குதுன்னு அங்கப்பண்ணன் சொல்லிருக்காரு. கூட்டத்துக்கு முன்னால முடிச்சுப்போடலாம். வேற பட்டறையிலயும் கேட்டு வெச்சிருக்கறேன். முன்பிடிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு இந்தப் பக்கம் பஞ்சமாத்தானே இருக்குது." அவன் சோற்றைப் பிசைந்தான். "மொளகா ரசத்துக்கு இருக்கட்டும்."

அவள் சிரிக்காமல் இருக்கத்தான் முயன்றாள்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் காவலாளி ஒரு புதுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். கைபேசி அளவில் கறுப்பாய் ஒரு கருவி. அதன் தலையில் ஒரு வெள்ளைக் குழல்.

"ஏனுங்க, சித்த நில்லுங்க" என்றார் அவர். சங்கடத்தோடு. "இதுல ஊதிட்டுப் போகச் சொல்லிருக்காங்க. ஆடிட்டுக்குக் காட்டோணுமாம்."

"ஊதிட்டாப் போச்சு. எல்லாருக்குமுங்களா?"

"உங்களுக்கு மட்டுந்தானுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தம்பிதுரை குழலை வாயில் வைத்தான். அவனைக் கடந்து ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். செங்கோடன் வந்தான். கண்கள் சிவந்து, நேற்றைய நெடி அவனுக்கு முன்னே நடந்து வந்தது. வாசலோரக் கல் தடுக்கியதில் காவலாளியின் தோளைப் பிடித்து நிமிர்ந்தான்.

"பாத்துங்க. இன்னைக்கும் ஊத்து இருக்குதுங்களா?" என்று காவலாளி வழிவிட்டார்.

"பின்னே?" என்று செங்கோடன் தம்பிதுரையின் முகத்தைப் பாராமல் உள்ளே போனான். உலைப் பக்கம் கொதிப்பின் இரைச்சல் தொடங்கியிருந்தது.

கருவி பீப்பென்று ஒலித்தது. காவலாளி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சுழியம் காட்டியது. அவர் அதை இருமுறை உள்ளங்கையில் தட்டினார்.

"புது மெசினுங்க. இன்னொருக்கா ஊதுங்க, சரியாப் பாத்துக்கலாம்."

தம்பிதுரை நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, மறுபடியும் ஊதினான்.